ஏட்டில் பெயர் இல்லாதவர்களின் குடும்ப வரலாறு

மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரவு எட்டரை மணிக்கு மடிக்கணினியின் முன் அமர்வது இரண்டு ஆண்டுகளாக எனக்கு வழக்கமாகிவிட்டது. அமெரிக்காவில் அப்போது காலை. கறுப்பின மக்களின் குடும்ப வரலாற்றுச் சங்கம் ஒன்று தன் உறுப்பினர்களுக்காக இணையவழியில் நடத்தும் உரையைக் கேட்பதற்காகத்தான். பேசுபவர்கள் பெரும்பாலும் பேராசிரியர்கள் அல்லர். பணி ஓய்வு பெற்ற ஆசிரியைகள், செவிலியர்கள், நூலகர்கள். திரையில் ஒரு பழைய தாளைக் காட்டுவார்கள். பருத்திப் பண்ணை முதலாளி ஒருவர் இறந்த பிறகு எடுக்கப்பட்ட சொத்துப் பட்டியலாக அது இருக்கும். ஏர், கோவேறு கழுதை, கட்டில் என்று நீளும் பட்டியலின் நடுவே மனிதர்களின் பெயர்கள் வரும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு விலை. தன் கொள்ளுப்பாட்டியின் தாய் இதில் இருக்கிறாள் என்று பேசுபவர் ஒரு பெயரைச் சுட்டிக்காட்டுவார். பிறகு, அது அவள்தான் என்பது தனக்கு எப்படித் தெரியும் என்று அடுத்த நாற்பது நிமிடங்கள் விளக்குவார்.

அந்த நாற்பது நிமிடங்களுக்காகவே நான் உறுப்பினரானேன். அதற்குக் காரணம் ஒரு வழக்கு.

செங்கல்பட்டுப் பக்கத்துச் சேரி ஒன்றிலிருந்து ஒரு முதியவர் என்னிடம் வந்தார். தன் தாத்தாவுக்கு வழங்கப்பட்ட பஞ்சமி நிலம் இன்று வேறொருவருடைய சுற்றுச்சுவருக்குள் இருக்கிறது என்றார். அலைந்து திரிந்து, பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டின் சான்றிட்ட நகலை வாங்கினோம். தாத்தாவின் பெயரும் அவருடைய தகப்பன் பெயரும் அதில் இருந்தன. வென்றுவிட்டோம் என்றே நினைத்தேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ஏட்டில் உள்ள முனியனும் இவருடைய தாத்தா முனியனும் ஒருவரே என்பதற்கு என்ன சான்று? அந்தத் தலைமுறையில் அந்தச் சேரியில் முனியன்கள் நால்வர். எவருக்கும் பிறப்புப் பதிவு இல்லை, இறப்புப் பதிவு இல்லை, பள்ளிப் பதிவு இல்லவே இல்லை. நால்வரையும் பிரித்துச் சொல்லக்கூடிய ஒரு மூதாட்டி இருந்தார். சாட்சிக் கூண்டில் ஏறும் முன்பே அவர் இறந்துவிட்டார். முதல்முறை அந்தச் சேரிக்குப் போனபோது அவர் கையால் மோர் வாங்கிக் குடித்தேன். எதையும் கேட்டு எழுதிக்கொள்ளத் தோன்றவில்லை. அன்று கேட்டு எழுதியிருந்தாலும் அந்தக் குறிப்பு நீதிமன்றத்தில் நின்றிருக்காது. காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

யாருக்கான பொழுதுபோக்கு

குடும்ப வரலாறு என்றால் நம்மில் பலருக்கு ஒவ்வாமை எழுவது இயல்பே. குலப்பெருமை, கோத்திரம், பட்டப்பெயர், பரம்பரை என்று சாதி தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் சொற்கள் எல்லாம் அந்தத் திசையிலிருந்துதான் வருகின்றன. ஐரோப்பாவிலும் அது அப்படித்தான் தொடங்கியது. பிரபுக்களின் வாரிசுரிமைக்கும் நிலவுரிமைக்கும் வம்சாவளி வரையும் தொழிலாக இருந்தது, சாமானியர்களின் ஆர்வமாகப் பரவியது பிற்பாடுதான். லண்டனில் வம்சாவளி ஆய்வுக்கான சங்கம் 1911இல் அமைந்தது. 1970களில் ஊருக்கு ஊர் இத்தகைய சங்கங்கள் பெருகின. கொரோனா காலத்தில் ஊர்க்கூடங்கள் மூடப்பட்டபோது அவற்றின் மாதாந்திர உரைகள் இணையத்துக்கு வந்தன. கூடங்கள் திறந்த பிறகும் பல சங்கங்களில் இணையவழி உரைகள் நின்றுவிடவில்லை. சந்தா செலுத்தினால் சென்னையிலிருந்தும் கேட்கலாம்.

இந்தியாவோடு நேரடித் தொடர்புள்ள சங்கமும் உண்டு. பிரித்தானிய இந்தியாவில் வாழ்ந்த குடும்பங்களின் வரலாற்றைத் தேடுவோருக்காக 1998இல் தொடங்கப்பட்ட சங்கம் அது. கம்பெனிச் சிப்பாய், ரயில்வே ஓட்டுநர், பாதிரியார், தோட்டத் துரை ஆகியோரின் வழிவந்தவர்கள் அதன் உறுப்பினர்கள். சென்னை மாகாணத் தேவாலயங்களின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் பற்றிய பதிவுகளின் படிகள் அன்றைய ஆட்சியாளர்களால் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் அவை இன்றும் உள்ளன. எனவே, பரங்கிமலைப் பாசறையில் பிறந்த ஒரு சார்ஜெண்டின் குழந்தையை, இங்கிலாந்தில் இருக்கும் கொள்ளுப்பேரன் வீட்டில் அமர்ந்தபடியே தேட முடிகிறது. அந்தக் குழந்தையைத் தூக்கி வளர்த்த ஆயாவை எங்கே தேடுவது? கப்பல் பயணிகள் பட்டியல்களில் அவள் பெரும்பாலும் ‘இன்னாருடைய ஆயா’ மட்டுமே. வேலை முடிந்ததும் லண்டனில் கைவிடப்பட்ட ஆயாக்கள் தங்கிய ஹாக்னி விடுதிக்கு 2022இல் நினைவுப் பலகை வைத்தார்கள். விடுதிக்குப் பலகை கிடைத்துவிட்டது; உள்ளே இருந்த பெண்களில் பெரும்பாலோருக்கு இன்னும் ஊரும் இல்லை, தகப்பன் பெயரும் இல்லை.

1870 என்னும் சுவர்

கறுப்பின மக்களின் சங்கங்களில் இந்தக் கேள்வி தலைகீழாக எழுகிறது. அங்கே எல்லாருமே அந்த ஆயாவின் வாரிசுகள்.

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1850இலும் 1860இலும் அடிமைகளுக்கென்று தனி அட்டவணை வைத்திருந்தது. உடைமையாளரின் பெயர் அதில் இருக்கும். அவருக்கு உரிய மனிதர்களுக்கு வயது, பால், நிறம் ஆகியவை மட்டுமே. பெயர் எழுதுவது வழக்கமில்லை. அடிமை முறை ஒழிந்த பின் நடந்த 1870 கணக்கெடுப்பில்தான் விடுதலை பெற்றவர்கள் அனைவரும் பெயரோடும் குடும்பப் பெயரோடும் பதிவானார்கள். இன்றைய வாரிசு ஒருவர் பின்னோக்கித் தேடிக்கொண்டே போனால் 1870இல் முட்டி நின்றுவிடுவார். அதை அவர்கள் சுவர் என்றே அழைக்கிறார்கள்.

சுவரை எப்படித் தாண்டுவது என்பதுதான் அந்தச் சங்கங்களின் உரைகளில் ஏறத்தாழ பாதி. நான் கேட்டவற்றின் சாரம் இது. மூதாதையின் பெயரைத் தேடாதே. அவரை உடைமையாக வைத்திருந்தவரின் ஏட்டைத் தேடு. உயில், பாகப்பிரிவினை, அடமானப் பத்திரம், ஏலக் கணக்கு, வரி ரசீது ஆகிய எல்லாவற்றிலும் சொத்து என்ற முறையில் மனிதர்கள் இருப்பார்கள். விடுதலை பெற்றவர்களுக்காக 1865இல் அமைக்கப்பட்ட அரசு வாரியத்தின் ஒப்பந்தங்களையும் புகார்களையும் படி. அதே ஆண்டு தொடங்கி 1874இல் திவாலான சேமிப்பு வங்கியின் பதிவேடுகளைப் படி. ஏழைகளின் சேமிப்பை விழுங்கிய அந்த வங்கி தன்னை அறியாமலேயே ஒரு நன்மை செய்துவிட்டுப் போனது: கணக்குத் தொடங்கியவரின் பெற்றோர், உடன்பிறந்தோர், பழைய எசமானர் ஆகியோரின் பெயர்களையும் பலரிடம் கேட்டு எழுதி வைத்தது. வாரியத்தின் ஆவணங்களிலிருந்து சுமார் 18 லட்சம் பெயர்களைத் தன்னார்வலர்கள் எடுத்தெழுதி, 2016இல் தேடக்கூடிய அட்டவணையாக்கினார்கள்.

இன்னொரு முறையும் உண்டு. எலிசபெத் ஷோன் மில்ஸ் என்னும் வம்சாவளி ஆய்வாளர் பரவலாக்கியது அது. ஒருவரைப் பற்றி ஆவணம் இல்லையென்றால் அவருடைய நண்பர், கூட்டாளி, அண்டை வீட்டார் ஆகியோரைத் தேட வேண்டும். மனிதர்கள் தனியே இடம்பெயர்வதில்லை, கூட்டமாகவே நகர்கிறார்கள், கூட்டமாகவே சாட்சிக் கையெழுத்து இடுகிறார்கள் என்பது அதன் அடிப்படை. ஒரே பெயருள்ள நால்வரைப் பிரிப்பதற்கு இதைவிட நல்ல வழி இல்லை. யார் யாருக்கு அருகில் குடியிருந்தார், யாருடைய பத்திரத்தில் யார் சாட்சி, யார் எந்த வீட்டில் பெண் எடுத்தார் என்று அடுக்கினால், நான்கு முனியன்களும் நான்கு மனிதர்களாகப் பிரிந்துவிடுவார்கள். இதைக் கேட்ட இரவில் நான் உறங்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

272 பேர்

இதெல்லாம் கடந்த காலத்தின் மீதான ஏக்கம் மட்டுமே என்று நினைப்போருக்காக ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் கதை. மேரிலாந்தின் இயேசு சபைத் துறவிகள் 1838இல் தங்களுக்கு உடைமையாக இருந்த 272 ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும் லூசியானாவின் பண்ணையாளர்களுக்கு 1,15,000 டாலருக்கு விற்க ஒப்பந்தம் செய்தார்கள். அந்தப் பணத்தின் ஒரு பகுதி அவர்கள் நடத்திய கல்லூரியின் கடனைத் தீர்த்தது. அந்தக் கல்லூரிதான் இன்றைய ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம். விற்கப்பட்டவர்கள் என்ன ஆனார்கள் என்று 2015இல் முன்னாள் மாணவர் ஒருவர் விசாரித்தபோது, எல்லாரும் சதுப்பு நிலக் காய்ச்சலில் மாண்டுபோனார்கள் என்ற விடையே அவருக்குக் கிடைத்தது. அவர் நம்பவில்லை. வம்சாவளி ஆய்வாளர்களை அமர்த்தித் தேடத் தொடங்கினார்.

தேடல் பலித்ததற்குக் காரணம் விற்றவர்களின் ஒழுங்கான கணக்குதான். விற்பனை ஒப்பந்தத்தில் ஒவ்வொருவருடைய பெயரும் வயதும் இருந்தன. கத்தோலிக்கர்கள் ஆதலால் ஞானஸ்நானப் பதிவேடு இருந்தது. கப்பலில் ஏற்றிய பட்டியல் இருந்தது. ஆயிரக்கணக்கான வாரிசுகள் உயிரோடு இருப்பது வெளிவந்தது. அவர்களில் பலருக்குத் தங்கள் முன்னோர் இப்படி விற்கப்பட்டார்கள் என்பதே அதுவரை தெரியாது. மாணவர் சேர்க்கையில் வாரிசுகளுக்கு முன்னுரிமை அளிப்பதாக 2016இல் பல்கலைக்கழகம் அறிவித்தது. விற்பனைக்கு ஒப்பமிட்ட துறவியின் பெயர் தாங்கிய கட்டடத்துக்கு, ஒப்பந்தப் பட்டியலின் முதல் பெயரான ஐசக் ஹாக்கின்ஸின் பெயர் 2017இல் சூட்டப்பட்டது. வாரிசுகளோடு சேர்ந்து அமைக்கும் அறக்கட்டளைக்குப் பத்துக் கோடி டாலர் திரட்டித் தருவதாக இயேசு சபை 2021இல் வாக்களித்தது. அந்தத் தொகை போதாது, எங்களிடம் யார் கேட்டார்கள் என்று கோபப்படும் வாரிசுகளும் உண்டு. கோபப்படுவதற்கும் முதலில் வாரிசு என்று நிறுவப்பட்டிருக்க வேண்டும் அல்லவா?

நம்மை எழுதிவைத்த ஏடுகள்

அமெரிக்க அடிமை முறையும் சாதியும் ஒன்றல்ல. ஆனால், உடைமையாளரின் ஏட்டில் உடைமையாகப் பதிவான அனுபவம் இரண்டிலும் உண்டு. தமிழகத்திலும் மனிதர்கள் ஓலை எழுதி விற்கப்பட்டார்கள். நாஞ்சில் நாட்டு முதலியார் ஓலைகளில் அடிமை விற்பனைக்கான ஓலைகளும் அடக்கம். விற்கப்பட்டவர்கள் நம் மக்கள். 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை உரிமையை நீதிமன்றங்கள் அங்கீகரிப்பதை நிறுத்தியது. தஞ்சைப் பண்ணைகளில் பண்ணையாள் முறை அதற்குப் பின்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. மிராசுதார் வீட்டுக் கணக்கு நோட்டுகளில் நெல் அளந்த கணக்காக, கடன் கணக்காக நம் முன்னோர் இருக்கிறார்கள். அந்த நோட்டுகள் இன்று பழைய தாள் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

கடல் கடந்தவர்களின் நிலை வேறு. நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை கொண்டுசெல்லப்பட்ட 1,52,184 ஒப்பந்தக் கூலிகளில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறியவர்கள். ஒவ்வொருவருக்கும் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, ஊர், உடல் அடையாளம் என்று கப்பல் பட்டியலில் பதிந்தார்கள். மொரீசியசுக்குப் போனவர்களின் பதிவேடுகள் அங்குள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பாதுகாக்கப்படுகின்றன. வேர் தேடி வரும் வாரிசுகளில் சிலர் சாதிப் பத்தியில் ‘பறையன்’, ‘பள்ளன்’ என்று கண்டதும் அந்தப் பக்கத்தை மூடிவிடுவதைக் கண்டிருக்கிறேன். அது அவர்களுடைய துயரம். நமக்கு அந்தப் பட்டியலில் வேறொரு பயன் இருக்கிறது. கப்பலேறியவனின் தகப்பன் கப்பலேறவில்லை. அவன் ஊரிலேயே இருந்தான். அவனுடைய மற்ற பிள்ளைகளும் ஊரிலேயே இருந்தார்கள். இங்கே எந்த அரசு அலுவலகத்திலும் இல்லாத ‘இன்ன ஊர், இன்ன சாதி, இன்னாருடைய மகன்’ என்ற வரி டர்பன் துறைமுகத்துக்குப் போன ஏட்டில் இருக்கிறது. போனவனுக்காக எழுதப்பட்ட தாள் தங்கியவனுக்கும் சான்று.

பஞ்சமி நிலம் இந்த வாசகர்களுக்குப் புதிதல்ல. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையும், அதன் தொடர்ச்சியாக 30.9.1892இல் பிறந்த வருவாய்த்துறை அரசாணை 1010ம் நாம் மேடைதோறும் சொல்பவை. முதல் பத்து ஆண்டுகள் விற்கக் கூடாது, அதன்பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்கலாம், மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பவை நிபந்தனைகள். காரணை நிலத்துக்காக 1994இல் ஜான் தாமஸும் ஏழுமலையும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சட்டப்படி பார்த்தால் நிபந்தனை மீறப்பட்டதை நிறுவினாலே போதும். நிலத்தை மீட்க வாரிசு யார் என்ற கேள்வி எழ வேண்டியதில்லை. ஆனால் மனுக் கொடுத்தவருக்கு என்ன உரிமை என்ற கேள்வியிலேயே மனுக்கள் ஆண்டுக்கணக்கில் தேங்கிக் கிடப்பதும், மீட்ட நிலம் யாருக்கு என்னும்போது வாரிசுத் தொடர் கேட்கப்படுவதும் நடைமுறை. இதற்கிடையே 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது யுடிஆரில், கிராமக் கணக்குகள் மாற்றி எழுதப்பட்டபோது பல இடங்களில் பழைய பெயரும் நிபந்தனைக் குறிப்பும் காணாமல் போயின. ஆகவே இன்றைய ‘அ’ பதிவேட்டோடு நின்றுவிடாமல், அதற்கு முந்தைய நிலவரித் திட்டப் பதிவேட்டின் நகலை ஆட்சியர் அலுவலகப் பதிவறையிலோ எழும்பூர் ஆவணக் காப்பகத்திலோ கேட்டு வாங்குங்கள் என்று நாம் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். வாங்கிய பிறகுதான் என் முதியவரின் சிக்கல் தொடங்குகிறது.

பாட்டி சொன்னது எப்போது சான்றாகும்

இறந்துபோனவர் சொன்னதை வேறொருவர் வந்து நீதிமன்றத்தில் சொன்னால் பொதுவாக ஏற்கமாட்டார்கள். அதற்குச் சில விதிவிலக்குகள் உண்டு. அவற்றில் ஒன்று உறவுமுறை. 1872 சான்றுச் சட்டத்தின் 32ஆம் பிரிவில் இருந்து, 1.7.2024 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 26ஆம் பிரிவுக்கு இது மாறியிருக்கிறது. இரத்த உறவு, மணவுறவு, சுவீகாரம் பற்றித் தனிப்பட அறிந்திருக்க வாய்ப்புள்ள ஒருவர் சொன்ன அல்லது எழுதிய கூற்று, அவர் இறந்த பிறகும் செல்லும். ஒரு நிபந்தனை: அந்த உறவு பற்றிய தகராறு எழுவதற்கு முன்பே அந்தக் கூற்று சொல்லப்பட்டிருக்க வேண்டும். தகராறு வந்த பிறகு சொன்னால், தன் பக்கத்துக்குச் சாதகமாகச் சொல்லியிருக்கலாம் என்ற ஐயம் எழும் என்பதே காரணம்.

மூதாட்டியிடம் நான் கேட்டிருந்தாலும் பயனில்லை என்று சொன்னது இதனால்தான். நான் போனபோதே தகராறு எழுந்துவிட்டது. உயிரோடு கூண்டேறியிருந்தால் அவர் நேரடிச் சாட்சி. இறந்தபின் அவருடைய பழைய சொல் மட்டுமே மிஞ்சும். அந்தச் சொல் ஐந்தாண்டுகளுக்கு முன் பதிவாகியிருக்க வேண்டும்.

அதே பிரிவு, குடும்ப வம்சாவளிப் பட்டியல், உயில், பத்திரம், கல்லறைக் கல், குடும்பப் படம் ஆகியவற்றில் உள்ள கூற்றையும் ஏற்கிறது. வரைந்தவர்கள் யாருடைய வீட்டை மனத்தில் வைத்து வரைந்தார்கள் என்பது சொல்லாமலே விளங்கும். வம்சாவளியை எப்படி மதிப்பிட வேண்டும் என்று உச்சநீதிமன்றம் விரிவாகப் பேசிய 1983ஆம் ஆண்டுத் தீர்ப்பு கூட, பீகாரின் பெத்தியா அரசரின் சொத்துக்கு வாரிசு யார் என்ற வழக்கில் வந்ததுதான். ஏட்டை ஏற்பது வேறு, அதை நம்புவது வேறு; வம்சாவளியைச் சொன்னவருக்கு அது எப்படித் தெரியும் என்பதைக் கேட்க வேண்டும் என்பது அதன் சாரம். அரச குடும்பத்துக்கு வகுத்த அளவுகோல் சேரிக்கும் பொருந்தும். ஆகவே பெரியவர்களிடம் கேட்கும்போது ‘உங்களுக்கு இது எப்படித் தெரியும்?’ என்ற கேள்வியை விட்டுவிடக் கூடாது. ‘என் மாமியார் சொல்வார்’, ‘நான் சிறுமியாக இருந்தபோது அவர் சாவுக்குப் போனேன்’ என்ற விடைகளில்தான் அந்தக் கூற்றின் எடை இருக்கிறது.

கல்லறைக் கல் இல்லாத வீட்டில் வேறு பொருள்கள் இருக்கும். ஒருவரை உறவினராக நடத்திய செயலும், அதாவது நடத்தையில் வெளிப்பட்ட கருத்தும், 44ஆம் பிரிவின்படி சான்றாக ஏற்கத்தக்கது. கொள்ளி வைத்தவர் யார், தாய்மாமன் சீர் கொண்டுவந்தவர் யார், கல்யாணப் பத்திரிகையில் யார் பெயர் யாருக்குக் கீழே என்பவை எல்லாம் அதில் வரும். என்னைக் கேட்டால் நம் வீடுகளின் ஆகச் சிறந்த வம்சாவளி ஏடு மொய் நோட்டு. ஊர், பெயர், தகப்பன் பெயர், முறை, தொகை, தேதி எல்லாம் அதில் இருக்கின்றன. நீதிமன்றத்தைக் கனவிலும் நினைக்காமல் எழுதப்பட்டது என்பதே அதன் பலம். முப்பது ஆண்டுகள் கடந்த ஆவணம், இருக்க வேண்டிய இடத்திலிருந்து வந்தால், அதன் கையெழுத்து உண்மையானது என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்கிறது 92ஆம் பிரிவு. இருக்க வேண்டிய இடம் என்பது உங்கள் வீட்டுப் பெட்டி. ஆய்வு செய்ய வருவோரிடம் படம் எடுக்க விடுங்கள், மூலத்தைக் கொடுத்தனுப்பாதீர்கள்.

காட்டக் கூடாத பக்கங்கள்

வெளிநாட்டுச் சங்கங்களைப் பார்த்து நாம் அப்படியே பின்பற்றக் கூடாத ஒன்றும் இருக்கிறது. அங்கே கண்டுபிடித்ததை எல்லாம் பொதுவெளியில் உள்ள வம்சாவளித் தளங்களில் ஏற்றிவிடுகிறார்கள். நமக்கு அது ஆபத்து. சேரி மக்களைப் பெயரோடு எழுதிய ஏடுகளில் முக்கியமானவை மிஷன் பதிவேடுகள். 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை, இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினரல்லாத எவரையும் பட்டியல் சாதியினராகக் கருதக் கூடாது என்கிறது. புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்குச் சாதிச் சான்றிதழ் மறுக்கப்பட்டதை 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. குழந்தையாக இருந்தபோது அவருக்கு அளிக்கப்பட்ட ஞானஸ்நானத்தின் பதிவும் அவருக்கு எதிரான சான்றுகளில் ஒன்று. ஒரே தாள் நில வழக்கில் உறவை நிறுவும், வேலை வாய்ப்பில் உரிமையைப் பறிக்கும். எந்தத் தாளை எங்கே காட்டுவது என்பதைக் குடும்பமே முடிவு செய்ய வேண்டும். ஆர்வக்கோளாறில் நாம் முடிவு செய்துவிடக் கூடாது. கலப்பு மணம், தத்து, ஊரை விட்டு ஓடிவந்த கதை ஆகியவையும் அப்படியே. இன்றைக்கு உயிரோடு இருப்பவரின் முகவரியும் சாதியும் ஒரே பக்கத்தில் இருக்கும் பட்டியல் யார் கைக்குப் போகும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

உறுப்பினர்களுக்கு மட்டும் என்ற வரம்பை அந்தச் சங்கங்கள் சந்தாவுக்காக வைத்திருக்கின்றன. நாம் அதைப் பாதுகாப்புக்காக வைத்துக்கொள்ளலாம்.

சென்ற ஆண்டு முதல் நாங்கள் சில வழக்கறிஞர்களும் சட்டக் கல்லூரி மாணவர்களும் ஞாயிறு மாலைகளில் இதைச் செய்துபார்க்கிறோம். முதலில் ஒரு மணி நேர இணையவழி உரை. நிலவரித் திட்டப் பதிவேட்டை எப்படி வாசிப்பது, சேத்துவாரில் பழைய எண்ணிலிருந்து புதிய எண்ணுக்கு எப்படி வருவது, வில்லங்கச் சான்றில் எதைப் பார்ப்பது என்று ஒவ்வொரு மாதமும் ஒன்று. அடுத்த வாரம் கேட்டவர்கள் தத்தம் ஊருக்குப் போய்ப் பெரியவர்களிடம் பேசிப் பதிவு செய்கிறார்கள். கைப்பேசியில் எடுத்த மூலக் கோப்பை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும் என்பது எங்கள் முதல் விதி. மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய 63ஆம் பிரிவின் கீழ் ஹாஷ் மதிப்போடு கூடிய சான்றிதழ் தேவை. வாட்சப்பில் நாலு கை மாறி வந்த துண்டுக் காணொலியை வைத்துக்கொண்டு அதைத் தருவது கடினம். பதிவின் தொடக்கத்தில் தேதி, இடம், பேசுபவரின் பெயர், வயது, உடனிருப்போர் பெயர் ஆகியவற்றைச் சொல்லச் சொல்கிறோம். பேசியதைத் தாளில் எழுதி, படித்துக் காட்டி, கைநாட்டோ கையெழுத்தோ வாங்கி, இரண்டு சாட்சிகளின் ஒப்பத்தோடு அந்த வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறோம்.

மாணவர்கள் முதலில் செய்யும் தவறு, நிலத்தைப் பற்றியே கேட்பது. பெரியவர்கள் உடனே எச்சரிக்கையாகிவிடுவார்கள். ‘உங்களை எந்த ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்தார்கள்?’ என்று தொடங்கினால் இரண்டு மணி நேரம் பேசுகிறார்கள். பெண்கள் மணமுடித்து ஊர் மாறி வந்தவர்கள் ஆதலால் இரண்டு ஊர்களின் உறவுமுறையும் அவர்களுக்கு மனப்பாடம். ஆண்கள் நிலத்தின் எல்லையை நினைவில் வைத்திருக்கிறார்கள். யாருடைய மகன் யார் என்பதைப் பெண்களிடம்தான் கேட்க வேண்டும்.

என் முதியவரின் வழக்கு மேல்முறையீட்டில் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகைகளையும், நால்வரில் ஒருவரின் மகன் நேட்டாலுக்குப் போனதாகச் சொல்லப்படும் கதையையும் வைத்து நான்கு முனியன்களைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். அதே சேரியில் அதே பதிவேட்டில் முன்னோர் பெயர் உள்ள குடும்பங்கள் இன்னும் பதினொன்று. அவர்களுடைய உறவுமுறையைப் பற்றி இதுவரை யாரும் எந்தத் தகராறும் எழுப்பவில்லை. அந்தப் பதினொரு வீடுகளில் எண்பது வயதைக் கடந்தவர்கள் மூன்று பேர், மூவரும் பெண்கள். வரும் ஞாயிறு அங்கே போகிறோம்.